எஃப்1 அழுத்தினால் போய்விடும்

பெரியப்பாவின் மேசைக் கணினியில் நெட் வரவில்லை என்ற புகாரை மூன்று வாரம் போனிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரில் போய் உட்கார்ந்த பிறகு காரணம் பிடிபட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் நாணயம் போல ஒரு சின்ன பேட்டரி இருக்கும், அது தீர்ந்துபோயிருந்தது. அதை மாற்றிய விதத்தைக் கீழே எழுதியிருக்கிறேன், யாருக்காவது உதவும். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்த மூன்று வாரத்தைப் பற்றித்தான். கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அவர் முதல் போனிலேயே சொல்லிவிட்டார். நான்தான் காதில் வாங்கவில்லை.

கணினி 2014இல் வாங்கியது. நான்காம் தலைமுறை இன்டெல் பிராசசர், விண்டோஸ் 10. பெரியப்பா அதில் செய்வது மூன்று வேலை: கடிதம் டைப் அடிப்பார், மெயில் பார்ப்பார், செய்தி படிப்பார். பத்து வருடத்துக்கு மேல் ஒழுங்காக ஓடிய இயந்திரம்.

முதல் போனில் அவர் சொன்னது இவ்வளவு: "நெட் வரலப்பா. பெரிய எழுத்துல க்ளாக்னு ஏதோ வருது, அதுக்கு மேல போக மாட்டேங்குது. காலையில ஆன் பண்ணும்போதும் கருப்புத் திரையில இங்கிலீஷ்ல நாலு வரி வருது. எஃப்1 அழுத்தினா போயிடும்."

க்ளாக் என்று அவர் சொன்னதை, பக்கம் திறக்கும்போது வட்டமாகச் சுற்றுமே, அந்தக் குறி என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அடுத்ததாக அவர் சொன்ன கருப்புத் திரைக்கு என் பதில்: "அதை விடுங்க பெரியப்பா, நெட்டை மட்டும் பார்ப்போம்." அவரும் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு மூன்று வாரமும் எஃப்1 பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தேவையில்லை என்று சொன்னவன் நான்தானே.

அவருடைய கைபேசியில் அதே வைஃபையில் எல்லாம் வந்தது. அப்படியும் வழக்கம்போல ரவுட்டரில்தான் தொடங்கினேன். ஆஃப் பண்ணி ஒரு நிமிடம் கழித்து ஆன் பண்ணச் சொன்னேன். அன்று சாயங்காலம் போன் செய்து "வந்துடுச்சுப்பா" என்றார். ரவுட்டர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். நடந்தது வேறு. பக்கத்து வீட்டுப் பையன் வேறு வேலையாக வந்தவன் திரையைப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த தேதியைச் சரி செய்துவிட்டுப் போயிருக்கிறான். இது எனக்கு மூன்று வாரம் கழித்து, நேரில் பேசும்போதுதான் தெரிந்தது. "எப்படி வந்தது" என்று நான் அன்று கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்.

மறுநாள் காலை மறுபடி நெட் இல்லை. ரவுட்டர் மீதான சந்தேகம் இப்போது எனக்கு உறுதியாகிவிட்டது. "ரவுட்டரை ரீசெட் பண்ணிப் பாருங்க" என்றேன். என் வாயில் ரீசெட் என்றால் அணைத்துப் போடுவது. பெரியப்பா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ரவுட்டரைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை, அதன் பக்கத்தில் ரீசெட் என்றே அச்சடித்திருக்கிறது. ஒரு ஊசியைத் தேடி எடுத்துவந்து, விளக்கெல்லாம் அணைந்து எரியும் வரை அழுத்திப் பிடித்திருக்கிறார். சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தார். இணைப்பின் பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை பெயர் எல்லாம் அழிந்துபோயின. கணினியோடு கைபேசியிலும் நெட் போயிற்று. இணைப்பு தருபவர்களின் ஆள் வந்து திரும்ப அமைத்துக் கொடுக்க இரண்டு நாள் ஆனது. ரீஸ்டார்ட், ரீசெட், ஷட் டவுன் இந்த மூன்றையும் நாம் பேச்சில் எவ்வளவு அலட்சியமாக மாற்றி மாற்றிப் போடுகிறோம் என்பது அந்த இரண்டு நாளில் எனக்கு நன்றாக உறைத்தது.

அதற்குப் பிறகு அவர் போன் செய்வதே குறைந்தது. நானாகக் கேட்டால், "பரவாயில்லப்பா, உனக்கு வேலை இருக்கும்" என்பார். உதவி செய்கிறவர்களின் எரிச்சலைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கேட்கிறவர் கேட்பதையே நிறுத்திக்கொள்ளும் இடம் அதைவிட மோசம் என்று நினைக்கிறேன். அவர் நிறுத்திக்கொண்டதே நமக்குத் தெரியாது.

இரண்டாவது வாரம் வேறொரு புகார். "நேத்து அடிச்ச லெட்டர் காணோம்."

"சேவ் பண்ணீங்களா?"

"பண்ணேன்னுதான் நினைக்கிறேன்."

மறுநாளும் அதே புகார். நானும் அதே கேள்வியைக் கேட்டேன். மூன்றாவது முறை, "சேவ் பண்ண மறந்துடறேன் போலிருக்கு, வயசாகுதில்ல" என்றார். இதை எழுதும்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு தடவைகூட அவர் மறக்கவில்லை. பதினான்கு கடிதங்களும் அந்தக் கணினியில்தான் இருந்தன. என்னுடைய கேள்வி அவரைத் தன் நினைவையே சந்தேகப்பட வைத்திருக்கிறது.

சரி, நேரில் போன அன்று நடந்ததைச் சொல்கிறேன். போகும்போதே ஒரு தீர்மானம்: மவுஸைத் தொடக்கூடாது. "தினமும் காலையில எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க, நான் சும்மா பாக்கறேன்" என்றேன். சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டார். பெட்டியின் பொத்தானை அழுத்தினார். கருப்புத் திரையில் நான்கு வரிகள் வந்தன. விரல் தானாக எஃப்1 மேல் போனது, அவர் விசைப்பலகையைப் பார்க்கக்கூட இல்லை. "ஒரு நிமிஷம் பெரியப்பா" என்று தடுத்துப் படித்தேன். சீமாஸ் (கணினியின் தொடக்க அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவகம்) செக்சம் பிழை, தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை, தொடர எஃப்1 அழுத்தவும். விண்டோஸ் வந்ததும் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். 2013 ஜனவரி 1, நள்ளிரவு 12:03.

பிரவுசரைத் திறந்தார். க்ளாக் என்ற சொல் பெரிய எழுத்தில்தான் இருந்தது. உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. முதல் நாள் அவர் எனக்குப் படித்துக் காட்டியது இதைத்தான்.

நடந்தது இதுதான். கணினி அணைந்திருக்கும்போதும் அதற்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம்தான் அதற்கு ஆதாரம், கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே வகை. சுவர் சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளையிலிருந்து வரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரமே அந்தக் கடிகாரத்துக்குப் போதும். சுவிட்சை அணைத்தால்தான் மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் பேட்டரி அந்தச் சுமையை ஏற்றுக்கொள்ளும். பெரியப்பா ஒவ்வொரு இரவும் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தூங்குவார். இத்தனை வருடமாக ஒவ்வொரு இரவும் கடிகாரத்தைத் தாங்கிய பேட்டரி கடைசியில் தீர்ந்துவிட்டது. அதனால் தினமும் காலையில் பயாஸ், அதாவது கணினியை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள், எல்லாவற்றையும் மறந்து, மதர்போர்டு செய்தவர்கள் வைத்த ஆரம்பத் தேதிக்கே போய் நிற்கிறது.

தேதி தப்பானால் நெட் ஏன் போக வேண்டும்? இன்று ஏறக்குறைய எல்லா இணையதளமும் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகத்தான் திறக்கிறது. தளம் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். 2020 செப்டம்பரிலிருந்து இந்தச் சான்றிதழ்களை 398 நாளுக்கு மேல் யாருக்கும் தருவதில்லை. பல தளங்கள் 90 நாள் சான்றிதழையே வைத்திருக்கின்றன. 2013இல் நின்றுகொண்டிருக்கும் கணினிக்கு அவை எல்லாமே இன்னும் பிறக்காத சான்றிதழ்கள், எனவே ஒன்றையும் நம்ப மறுக்கிறது. கைபேசி தன் நேரத்தை நெட்வொர்க்கிலிருந்து எடுத்துக்கொள்வதால் அதே வைஃபையில் அதற்கு ஒரு சிக்கலும் இல்லை.

விண்டோஸ் தானாக நேரத்தைச் சரி செய்துகொள்ளுமே என்று எனக்கும் தோன்றியது. செய்யும்தான். ஆனால் வீட்டுக் கணினியில் வழக்கமான அமைப்பில், வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் தானாக மாற்றாமல் விட்டுவிடும். இங்கே வித்தியாசம் பல வருடம்.

கடிதங்கள் காணாமல் போனதற்கும் இதுவே காரணம். அவருடைய கோப்புறை தேதி வரிசையில், புதியது மேலே வரும்படி அமைந்திருக்கிறது. இந்த மூன்று வாரத்தில் சேமித்த கடிதங்கள் எல்லாம் 2013 ஜனவரி 1 என்ற தேதியோடு அடியில் போய் உட்கார்ந்துவிட்டன. அவர் மேலே தேடிக்கொண்டிருந்தார். "கடைசி வரைக்கும் கீழே இறக்குங்க பெரியப்பா" என்றேன். இறக்கினார். ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். பதினான்காவதைப் படித்து முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்போ நான் சேவ் பண்ணித்தான் இருக்கேன்" என்றார். ஆமாம் பெரியப்பா, ஒவ்வொரு தடவையும் பண்ணியிருக்கிறீர்கள் என்று சொன்னேன்.

இனி பேட்டரி மாற்றிய வேலை.

திறப்பதற்கு முன் இரண்டு விஷயம். பேட்டரி முழுக்கத் தீர்ந்துவிடாத கணினியாக இருந்தால், பயாஸ் பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் அந்த அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போய்விடக்கூடும். ஹார்ட் டிஸ்க்கோடு கணினி பேசும் முறை ஏஎச்சிஐ என்பதிலிருந்து வேறு எதற்காவது மாறிவிட்டால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். இங்கே இயந்திரம் தினமும் மறந்து, ஆரம்ப அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டாவது, டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸோடு வரும் டிஸ்க் பூட்டு) பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூட்டப்பட்டிருந்தால் மீட்பு விசையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் பயாஸ் பக்கம் போகக்கூடாது. இதில் பிட்லாக்கர் இல்லை.

ஷட் டவுன் செய்து, சுவர் சுவிட்சை அணைத்து, மின் வயரையே பிடுங்கிவிட்டோம். பிறகு பெட்டியின் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பக்கத் தகட்டின் இரண்டு திருகைக் கழற்றிப் பெட்டியைப் படுக்க வைத்தேன். உலோகச் சட்டத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிக்கொண்டோம். தூசி நிறைய இருந்தது, மென்மையான தூரிகையால் தட்டி எடுத்தோம்.

பேட்டரி கிராஃபிக்ஸ் கார்டு பொருத்தும் இடத்துக்குப் பக்கத்தில், வட்டமான பிளாஸ்டிக் கூட்டில் இருந்தது. மேலே சிஆர்2032 என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். கூட்டின் ஓரத்தில் ஒரு சின்ன உலோகக் கொக்கி உண்டு. அதை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரி தானாக மேலே எகிறும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம், போர்டில் கீறல் விழும். கழற்றிய பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்தேன்: 1.7 வோல்ட். புதியது 3.2 காட்டியது. மீட்டரைப் பெரியப்பாவிடம் கொடுத்து இரண்டையும் அவரையே வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

புதிய பேட்டரியை அவர்தான் போட்டார். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, பேட்டரியின் தட்டைப் பக்கங்களில் விரல் படாமல் ஓரத்தை மட்டும் பிடித்தார். கூட்டல் குறி மேலே இருக்க வேண்டும் என்று நான் சொல்லும் முன்பே, "பழசுலயும் ப்ளஸ் மேலதான் இருந்தது" என்றார். கழற்றும்போதே கவனித்திருக்கிறார். எதிர்ப்பக்க ஓரத்தைக் கூட்டுக்குள் சாய்வாக நுழைத்து, இந்தப் பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். டக் என்று உட்கார்ந்தது. இவரிடமா மூன்று வாரம் "சேவ் பண்ணீங்களா" என்று கேட்டோம் என்று மனது அடித்துக்கொண்டது.

மூடிவிட்டு ஆன் செய்தோம். முதல் முறை மட்டும் அந்த நான்கு வரி வரும், அது இயல்பு. பயாஸுக்குள் போய்த் தேதியும் நேரமும் வைத்து, எஃப்10 அழுத்திச் சேமித்தோம். விண்டோஸ் வந்ததும் நேர அமைப்பில் உடனடி ஒத்திசைவைக் கொடுத்தேன், நொடி வரை சரியாக நின்றது. பிரவுசர் திறந்தது. மெயில் வந்தது. பிறகு சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். சுவிட்ச் ஆனில் இருக்கும்போது எவ்வளவு நேரம் சரியாக ஓடினாலும் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மறுபடி போட்டபோது கருப்புத் திரை வரவில்லை, தேதியும் மாறவில்லை.

பதினான்கு கடிதங்களின் தேதியை விண்டோஸில் கட்டளை எழுதும் பவர்ஷெல்லில் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம்தான். ஆனால் எந்தக் கடிதம் எந்த நாள் எழுதியது என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் ஒவ்வொன்றாகத் திறந்து, எழுதிய நாளைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்துச் சேமித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. அந்த வேலையை நான் வாங்கிச் செய்திருந்தால், அடுத்த முறை எதையாவது காணோம் என்றால் மறுபடி எனக்குத்தான் போன் வந்திருக்கும்.

போன கையோடு எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்ற ஆசை அன்று எனக்கு நிறையவே வந்தது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இந்த பிராசசர் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. லினக்ஸ் போடலாம், டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றலாம். திரையில் இறைந்து கிடக்கும் ஐகான்களையாவது அடுக்கலாம் என்று கை பரபரத்தது. எதையும் தொடவில்லை. அந்த ஐகான்கள் இருக்கும் இடம்தான் அவருக்கு வழி. அதை நான் அழகுபடுத்திவிட்டு வந்தால் மறுநாள் காலை அவருக்குச் சொந்த வீட்டிலேயே வழி தெரியாமல் போகும். ஆதரவு முடிந்த விஷயத்தை மட்டும் சொல்லி, அடுத்த முறை வரும்போது இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம் என்று பேசிக்கொண்டோம்.

ஒன்றை மட்டும் அவரிடம் கேட்டுவிட்டு மாற்றினேன். வலது மூலையில் அவ்வப்போது "உங்கள் கணினியில் வைரஸ்" என்று ஒரு போன் எண்ணோடு அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு தளத்துக்கு அறிவிப்பு அனுமதி கொடுத்ததால் வருவது அது. பிரவுசர் அமைப்பில் அந்த அனுமதியை நீக்கினால் போதும். நெட் வராத நாட்களில் அந்த எண்ணுக்குப் போன் செய்துவிடலாமா என்று யோசித்ததாகச் சொன்னார். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் எண் இருக்கவே இருக்காது என்று இரண்டு முறை சொன்னேன். வீட்டில் கேட்டால் எரிந்து விழுவார்கள் என்று நினைப்பவர்கள்தான் இந்த எண்களை அழைக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கிளம்பும் முன் அரை மணி நேரம் வார்த்தைகளுக்காகச் செலவிட்டோம். கணினி என்று அவர் சொல்வது திரையை. கீழே இருப்பது பெட்டி. நெட் என்றால் பிரவுசர் ஐகான், வைஃபை இல்லை. இத்தனை நாள் நான் "கணினியை அணைச்சுப் போடுங்க" என்றபோதெல்லாம் அவர் திரையின் பொத்தானைத்தான் அணைத்துப் போட்டிருக்கிறார். அவர் சொற்களை மாற்றவில்லை, நான் அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டேன். இனி நான் "பெட்டியை அணைங்க" என்றுதான் சொல்வேன். ரவுட்டரின் ரீசெட் ஓட்டை மேல் சின்னதாக ஒட்டுத்தாள் ஒட்டினோம். எதுவானாலும் முதலில் மூலையில் இருக்கும் தேதியும் தெரியும்படி முழுத் திரையையும் கைபேசியில் படம் எடுத்து அனுப்புவது, பிறகு பேசுவது என்று வைத்துக்கொண்டோம். தொலைவிலிருந்து திரையைப் பார்க்க உதவும் குவிக் அசிஸ்ட்டையும் காட்டினேன். அவரே எனக்குப் போன் செய்தால் மட்டும் அதைத் திறக்க வேண்டும், அவருக்கு வரும் எந்தப் போனுக்காகவும் திறக்கக்கூடாது. பேட்டரி போட்ட தேதியை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் அவரே ஒட்டினார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போன். "எஃப்1 கேக்கலப்பா."

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு படம் வந்தது. பிரிண்டர் அச்சடிக்காமல் நிற்கிறது, மூலையில் தேதி சரியாக இருக்கிறது. போன் செய்தேன். பிரிண்டர் எந்த மாடல், கேபிள் சரியாக இருக்கிறதா என்று கேட்க வாய் வந்துவிட்டது, நிறுத்திக்கொண்டேன். "காலையிலேர்ந்து வழக்கத்துக்கு மாறா என்னென்ன இருந்துது, சம்பந்தம் இல்லைன்னு தோணினாலும் எல்லாத்தையும் சொல்லுங்க பெரியப்பா" என்றேன். அவர் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் காகிதத்தில் எழுதிக்கொண்டேன்.